ஹப்பர்ட் விட்டுச்சென்ற கணக்கு

இந்திய மண்ணுக்கு அடியில் எவ்வளவு ஷேல் எரிவாயு இருக்கிறது? இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரு விடை இல்லை. பல விடைகள் உள்ளன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2011-12-இல் மூன்று படுகைகளை ஆராய்ந்து, எடுக்கக்கூடியது 6.1 லட்சம் கோடி கன அடி என்றது. அதே நாட்டின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013-இல் நான்கு படுகைகளுக்கு 584 லட்சம் கோடி கன அடி என்று கணித்து, அதில் எடுக்கக்கூடியது 96 லட்சம் கோடி என்றது. நமது எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகமான ஓ.என்.ஜி.சி. ஐந்து படுகைகளுக்கு 187.5 லட்சம் கோடி கன அடி என்று மதிப்பிட்டது. இந்த மூன்று கணக்கிலும் காவிரிப் படுகை இடம்பெற்றிருக்கிறது.

இவற்றுள் மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ நூறு மடங்கு வேறுபாடு. இத்தனைக்கும் இவற்றில் எதுவும் பொய்க்கணக்கு அன்று. ஒன்று பாறைக்குள் அடைந்து கிடப்பதை அளக்கிறது. மற்றொன்று இன்றைய தொழில்நுட்பத்தால் வெளியே கொண்டுவரக்கூடியதை அளக்கிறது. எடுத்துக்கொண்ட படுகைகளும் வேறு, கைக்கொண்ட முறைகளும் வேறு. ஆனால் மேடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இந்த அடைமொழிகள் உதிர்ந்துவிடுகின்றன. எண் மட்டும் எஞ்சுகிறது. ஒரு தரப்பு அதைக் காட்டி நாட்டின் எரிசக்திப் பஞ்சம் தீர்ந்தது என்கிறது. மறுதரப்பு அதே எண்ணைக் காட்டி டெல்டாவே பறிபோகும் என்கிறது.

பொருளியல் ஆசிரியராக இருந்த காலத்தில், இயற்கை வளங்களின் பொருளியலைத் தொடங்கும்போதெல்லாம் ஒரு மனிதரின் வாழ்க்கையை மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். எண்ணெய் இருப்பைக் கணக்கிடுவது என்றால் என்ன என்பதை அவரளவுக்குத் துல்லியமாக உலகுக்குக் கற்பித்தவர் வேறு ஒருவர் இல்லை. அந்தக் கணக்கு எங்கே தவறும் என்பதையும் அவர் வாழ்க்கையே காட்டுகிறது. அவர் பெயர் மரியன் கிங் ஹப்பர்ட்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் சபா என்ற சிற்றூர்ப் பகுதியில் 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஹப்பர்ட் பிறந்தார். உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் படித்தபின், கூலி வேலைகள் செய்து பணம் சேர்த்து 1924-இல் சிகாகோ பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார். அக்காலத்துப் புவியியல் பெரும்பாலும் விவரிப்புக் கலையாகவே இருந்தது. பாறையைப் பார்ப்பார்கள், பெயரிடுவார்கள், வரைபடத்தில் குறிப்பார்கள். ஹப்பர்ட் புவியியலோடு இயற்பியலையும் கணிதத்தையும் சேர்த்துப் படித்தார். ஒரு பாறை வளைகிறது என்றால் எவ்வளவு விசையால், எவ்வளவு காலத்தில் என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் அவருக்கு நண்பர்களையும் பகைவர்களையும் தேடித் தந்தது அந்தப் பழக்கம்தான்.

1931 முதல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் கற்பித்தார். அது பெருமந்தத்தின் காலம். களஞ்சியங்களில் தானியம் நிறைந்திருக்க, தெருக்களில் பசி நின்றது. விலைகளை நம்பி நடக்கும் பொருளாதாரத்தைக் கைவிட்டு, ஆற்றலை அலகாகக் கொண்டு சமுதாயத்தைத் திட்டமிட வேண்டும் என்ற 'டெக்னாக்ரசி' இயக்கத்தில் அவர் முன்னின்றார். அந்த இயக்கம் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துவிட்டது. விலை என்பது வெறும் மயக்கம், பௌதிக அளவே உண்மை என்ற அதன் எண்ணம் மட்டும் ஹப்பர்ட்டை விட்டு அகலவில்லை.

இதில் ஒரு தற்செயல் உண்டு. தீர்ந்துபோகும் வளங்களின் பொருளியலுக்கு அடித்தளமிட்ட ஹரால்டு ஹோட்டலிங்கின் புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது அதே 1931-இல்தான். அவரும் அவ்வாண்டே கொலம்பியாவுக்கு வந்து சேர்ந்தார். வளத்தின் உரிமையாளர் இன்று விற்பதா, நாளை விற்பதா என்பதை விலையும் வட்டியும் தீர்மானிக்கின்றன என்றார் ஹோட்டலிங். பாறையில் உள்ளது இவ்வளவுதான், அதை எப்போது எடுத்தாலும் அளவு கூடாது என்று ஹப்பர்ட் சொல்லவிருந்தார். ஒரே வளாகத்தில் இருந்த இந்த இரு பார்வைகளும் இன்றுவரை முழுமையாகச் சமரசம் ஆகவில்லை.

1940-இல் ஹப்பர்ட் நிலத்தடி நீரின் இயக்கம் குறித்து நீண்ட ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். நீர் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகிறது என்பதே அதுவரை பொதுவான நம்பிக்கை. அது முழு உண்மை அன்று என்று அவர் நிறுவினார். உயரமும் அழுத்தமும் சேர்ந்த மொத்த ஆற்றல் எங்கே குறைவோ அங்கேதான் நீர் நகர்கிறது. கடற்கரையோரம் நன்னீரும் உப்புநீரும் மண்ணுக்குள் சந்திக்கும் எல்லை நிலையாக நிற்பதில்லை, நீரோட்டத்துக்கு ஏற்ப இடம் பெயரும் என்பதும் அந்த ஆய்வில் உண்டு. இன்றைய நிலத்தடி நீரியலின் தூண்களுள் அது ஒன்று. எண்ணெயால் அறியப்படும் இந்த மனிதர், அதற்கு முன்பே நீருக்கு இலக்கணம் எழுதியவர் என்பதைக் காவிரிக் கரையில் வாழும் நாம் நினைவில் வைப்பது நல்லது.

போர்க்காலத்தில் சிறிது காலம் வாஷிங்டனில் அரசுப் பணியாற்றிவிட்டு, 1943-இல் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஹூஸ்டன் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கிருந்த இருபது ஆண்டுகளில்தான் அவர் பெயரை நிலைநாட்டிய மூன்று ஆய்வுகளும் வெளிவந்தன.

முதலாவது, 1956 மார்ச் மாதம் சான் அன்டோனியோ நகரில் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் கூட்டத்தில் அவர் வாசித்த கட்டுரை. அதன் தர்க்கம் எளிது. தீர்ந்துபோகும் எந்த வளத்தின் உற்பத்தியும் சுழியத்தில் தொடங்கிச் சுழியத்தில் முடியும். இடையே ஏறும், ஒருநாள் உச்சம் தொடும், பின் இறங்கும். வரைதாளில் அந்த வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு, மொத்தத்தில் எடுக்கக்கூடிய எண்ணெயின் அளவுக்குச் சமம். ஆகவே மொத்தம் தெரிந்தால் உச்சம் எப்போது என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் மொத்தம் 15,000 கோடி பீப்பாய் என்றால் உச்சம் 1965 வாக்கில். 20,000 கோடி என்றால் 1970 வாக்கில் என்றார்.

இதில் பலர் கவனிக்கத் தவறும் பாடம் ஒன்று உண்டு. 5,000 கோடி பீப்பாய் என்பது அன்றைக்குக் கற்பனைக்கெட்டாத புதையல். அதைக் கூடுதலாகச் சேர்த்தும் உச்சம் தள்ளிப்போனது வெறும் ஐந்தே ஆண்டுகள். நுகர்வு ஆண்டுதோறும் பெருகும்போது புதையல்கூட அவ்வளவு காலத்தைத்தான் வாங்கித் தரும். கூட்டத்துக்குச் சற்று முன்புவரை ஷெல் தலைமையகம் தொலைபேசியில் அவரை அழைத்து, அந்தக் கணிப்பை விட்டுவிடும்படி வற்புறுத்தியதாகச் சொல்வார்கள். அவர் விடவில்லை.

இரண்டாவது, அதற்கு மறு ஆண்டு, 1957-இல் டேவிட் வில்லிஸ் என்ற உடனாய்வாளருடன் எழுதியது. கிணற்றுக்குள் திரவத்தை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் நீரழுத்த விரிசல் முறை அப்போது பத்தாண்டுப் பழமை கொண்டது. பிளவு எந்தத் திசையில் ஓடும் என்பதில் மட்டும் பெருங்குழப்பம் இருந்தது. பலர் அது கிடைமட்டமாகத் தட்டுப்போல் விரியும் என்று நம்பினர். ஹப்பர்ட்டும் வில்லிஸும் உறைந்த ஜெலட்டினைப் பாறையாகவும் சுண்ணாம்புக் கூழ் போன்ற பாரிஸ் சாந்தைத் திரவமாகவும் வைத்துச் சோதித்தார்கள். பாறையின் மீதான அழுத்தம் எந்தத் திசையில் மிகக் குறைவோ, அந்தத் திசைக்குச் செங்குத்தான தளத்தில் பிளவு திறக்கும் என்று நிறுவினார்கள். பெரும்பாலான ஆழ்கிணறுகளில் அது செங்குத்துப் பிளவு. இன்று ஷேல் பாறையில் எந்தத் திசையில் கிடைமட்டக் கிணற்றைத் திருப்ப வேண்டும் என்று பொறியாளர் தீர்மானிப்பது இந்த விதியைக் கொண்டுதான்.

மூன்றாவது, 1959-இல் வில்லியம் ரூபியுடன் எழுதியது. பாறை இடுக்குகளில் உள்ள திரவத்தின் அழுத்தம் கூடினால், பாறைத் தொகுதிகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குவது எளிதாகும் என்று அது விளக்கியது. கழிவுநீரை ஆழத்தில் செலுத்தும் இடங்களில் நில அதிர்வு ஏன் எழுகிறது என்பதற்கான அடிப்படை விளக்கம் அதில் இருக்கிறது.

1956-இன் கணிப்பை எண்ணெய்த் துறை எள்ளி நகையாடியது. அரசின் புவியியல் ஆய்வு நிறுவனமோ 59,000 கோடி பீப்பாய் என்று வேறொரு கணக்கை வைத்திருந்தது. இதுவரை துளையிட்ட ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு எண்ணெய் கிடைத்ததோ, இனித் துளையிடும் ஒவ்வோர் அடிக்கும் அவ்வளவே கிடைக்கும் என்ற அனுமானமே அந்தப் பெரிய எண்ணின் ஆதாரம். ஹப்பர்ட் பழைய பதிவுகளைப் புரட்டி, அடிக்கு இத்தனை பீப்பாய் என்ற விகிதம் பல பத்தாண்டுகளாகச் சரிந்து வருவதைக் காட்டினார். பெரிய வயல்கள் முதலில் அகப்படும். பின்னர்ச் சிறியவையே மிஞ்சும். முத்துக் குளிப்பவருக்கும் தேனெடுப்பவருக்கும் தெரிந்த உண்மை அது.

வேடிக்கை என்னவென்றால், ஷெல்லிலிருந்து ஓய்வு பெற்று 1964-இல் ஹப்பர்ட் போய்ச் சேர்ந்தது அதே புவியியல் ஆய்வு நிறுவனத்தில். அங்கே பெரிய எண்ணின் முதன்மை ஆதரவாளராக இருந்தவர் வின்சென்ட் மெக்கெல்வி. 1971-இல் அந்நிறுவனத்தின் இயக்குநரும் ஆனார். ஒரே கூரையின்கீழ் இருவரும் பத்தாண்டுக்கு மேல் மோதினர். 1970-இல் அமெரிக்க எண்ணெய் உற்பத்தி நாளொன்றுக்குச் சுமார் 96 லட்சம் பீப்பாய் என்ற உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, ஹப்பர்ட் சொன்னது ஏன் முக்கியம் என்பதைப் பெட்ரோல் நிலையங்களில் வரிசையில் நின்ற மக்கள் உணர்ந்தார்கள். 1975-இல் புவியியல் ஆய்வு நிறுவனம் தன் பழைய மதிப்பீட்டைக் கைவிட்டு ஹப்பர்ட்டின் எண்ணை நெருங்கி வந்தது.

அந்தச் சண்டையில் எண்ணளவில் தோற்ற மெக்கெல்விதான், இன்று உலகம் முழுவதும் பின்பற்றும் வகைப்பாட்டுக்கு வித்திட்டவர். 1970-களின் தொடக்கத்தில் அவர் ஒரு பெட்டியை வரைந்தார். கிடையாக, புவியியல் உறுதி: கண்டறிந்தது ஒரு பக்கம், ஊகிப்பது மறுபக்கம். செங்குத்தாக, பொருளியல் சாத்தியம்: லாபத்துடன் எடுக்கத்தக்கது மேலே, தகாதது கீழே. கண்டறியப்பட்டதும், இன்றைய விலையிலும் நுட்பத்திலும் எடுக்கத்தக்கதும் சந்திக்கும் ஒரு மூலை மட்டுமே 'இருப்பு'. மற்றதெல்லாம் 'வளம்'. விலை ஏறினால் கோடு கீழிறங்கும், இருப்பு பெருகும். விலை சரிந்தால் கோடு மேலேறும், இருப்பு சுருங்கும். மண்ணுக்குள் ஒரு துளிகூட அசைந்திருக்காது.

செட்டிநாட்டில் வாழ்பவர்களுக்கு இந்தப் பெட்டி புதிதன்று. மாணவர்களுக்கு இதை விளக்க நான் பர்மாக் கணக்கையே எடுத்துக்கொள்வேன். கொண்டுவிற்கப் போன நகரத்தாரின் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்பவன் முதலில் கற்பது பேரேட்டையும் ஐந்தொகையையும்தான். கொடுத்த கடன் எல்லாம் ஏட்டில் சொத்தாகவே நிற்கும். ஆனால் எது உறுதியாக வசூலாகும், எது இழுபறி, எது வாராக்கடன் என்பதை அனுபவசாலியான முதலாள் தனியே தரம் பிரித்து வைத்திருப்பார்.

1930-களின் மந்தத்தில் நெல் விலை வீழ்ந்ததும், வசூலாகும் என்றிருந்த கடன் வசூலாகவில்லை. ஈட்டுக்கு வைத்த நிலமே கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நில உடைமை, 1938-க்குள் 25 விழுக்காடு ஆயிற்று. ஏட்டில் பார்த்தால் அது பெருஞ்செல்வம். 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. நிலம் அங்கேயேதான் இருந்தது. இருப்பு இல்லாமல் போயிற்று. விலை, போர், சட்டம் ஆகிய மூன்றும் ஒரு சொத்தை எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குத் தள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் எந்த நூலிலும் காணவில்லை.

ஹப்பர்ட் 1989 அக்டோபர் 11-ஆம் நாள் காலமானார். அணுசக்தியே எதிர்காலம் என்று 1956-இல் நம்பியவர், கழிவுப் பிரச்சினையைக் கண்டு பின்னாளில் சூரிய ஆற்றலின் பக்கம் சாய்ந்திருந்தார். அவர் இறந்தபோது அமெரிக்க உற்பத்தி அவர் வரைந்த கோட்டின் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. 2008-இல் அது நாளொன்றுக்குச் சுமார் 50 லட்சம் பீப்பாயாகச் சரிந்தது.

பிறகு நடந்ததைக் கதாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்போம். ஹப்பர்ட் பிறந்த சான் சபா வட்டாரத்தில் ஓர் ஓடையோரம் கரிய ஷேல் பாறை வெளியே தலைகாட்டுகிறது. அங்கே குடியேறிய பார்னெட் என்பவரின் பெயரால் புவியியலாளர்கள் அதைப் பார்னெட் ஷேல் என்று அழைத்தார்கள். அந்தப் பாறை வடக்கே ஃபோர்ட் வொர்த் நகரம் நோக்கி ஆழத்தில் சரிந்து செல்கிறது. 1990-களின் இறுதியில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம், நீரை அதிகமாகவும் பசைப்பொருளைக் குறைவாகவும் கொண்ட நீரழுத்த விரிசலால் அதிலிருந்து லாபகரமாக எரிவாயு எடுத்துக் காட்டியது. கிடைமட்டக் கிணறுகளும் அதோடு சேர்ந்தன. எரிவாயுவைத் தொடர்ந்து எண்ணெயும் வந்தது. 2018-இல் அமெரிக்க உற்பத்தி ஹப்பர்ட்டின் 1970 உச்சத்தைத் தாண்டியது. 2023-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.29 கோடி பீப்பாயை எட்டியது. அவர் வரைந்த வளைகோட்டை முறித்தது அவர் ஊர்ப் பாறை. முறிக்கும் வழியை விளக்கியது அவரே எழுதிய 1957-ஆம் ஆண்டுக் கட்டுரை.

அப்படியானால் ஹப்பர்ட் தோற்றாரா? பொருளியல் துறையில் என் சக ஆசிரியர்கள் பலர் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். மரபுவழி எண்ணெய்க்கு அவர் போட்ட கணக்கு பெருமளவு சரியாகவே இருந்தது. அவர் வைத்த மொத்தம், அன்றைய நுட்பத்தால் எடுக்கத்தக்க எண்ணெயின் மொத்தம். பெட்டியின் வேறொரு கட்டத்தில் கிடந்த பாறை, விலையும் நுட்பமும் மாறியதும் எல்லைக் கோட்டைக் கடந்து வந்தது. விலையை மயக்கம் என்று ஒதுக்கியவரின் கணக்கில் அந்தக் கோடு நகராத கோடாக நின்றது. மெக்கெல்வியின் எண் தவறு, கோடு நகரும் என்ற எண்ணம் சரி. ஹப்பர்ட்டின் எண் சரி, கோட்டைப் பற்றிய எண்ணம் குறை. கொள்கை வகுப்போர் இருவரையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி மரபுசாரா எண்ணெய், எரிவாயுவின் கணக்கு ஏன் கூடுதல் ஆபத்தானது என்பதைப் பார்ப்போம். மரபுவழி வயல் ஒரு குடம் போன்றது. மூடுபாறை மேலே, நீர் கீழே, இடையில் எண்ணெய்; எல்லை உண்டு. சில கிணறுகள் தோண்டினால் கொள்ளளவு தெரிந்துவிடும். ஷேலில் எல்லை இல்லை. பல மாவட்டங்களின் பரப்பில் விரிந்த பாறை முழுவதும் வாயு இழையோடிக் கிடக்கும். ஆனால் பிளந்த இடத்தில் மட்டுமே சுரக்கும். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள்கூடப் பல மடங்கு வேறுபடும். முதலாண்டில் பீறிட்டு வரும் கிணறு சில ஆண்டுகளிலேயே மிகச் சிறு பங்காக வற்றிவிடும். அதன் பிறகு எத்தனை ஆண்டு சொட்டும் என்பதைப் பொறுத்தே மொத்தக் கணக்கு அமைகிறது. அந்த வால்பகுதியைப் பற்றிய ஊகம் சற்றே மாறினாலும் இருப்பு இருமடங்காகத் தோன்றும்.

கலிபோர்னியாவின் மான்டரே ஷேல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அங்கே 1,370 கோடி பீப்பாய் எண்ணெய் எடுக்கலாம் என்று சொன்ன எரிசக்தித் தகவல் நிர்வாகமே, 2014-இல் அதை 60 கோடியாகக் குறைத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு ஒரே திருத்தத்தில் மறைந்தது. பாறை அடுக்குகள் மடிந்தும் முறிந்தும் கிடந்ததால் மற்ற மாநிலங்களின் கிணற்றுக் கணக்கு அங்கே பொருந்தவில்லை. அதற்குள் அந்தப் பழைய எண்ணை நம்பி வேலைவாய்ப்பு, வரி வருவாய் பற்றியெல்லாம் அறிக்கைகள் எழுதியாகிவிட்டது.

இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே 2007-இல் உலகப் பெட்ரோலியப் பொறியாளர் அமைப்புகள் ஒரு பொது முறையை வகுத்து, 2018-இல் அதைத் திருத்தின. அதன்படி 'இருப்பு' என்ற சொல்லுக்கு நான்கு நிபந்தனைகள்: கண்டறியப்பட்டிருக்க வேண்டும், எடுக்கத்தக்கதாக இருக்க வேண்டும், வணிக அளவில் கட்டுப்படியாக வேண்டும், இன்னும் எடுக்கப்படாமல் எஞ்சியிருக்க வேண்டும். அதிலும் நிரூபிக்கப்பட்டது என்றால், குறைந்தது அந்த அளவாவது கிடைக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு இருக்க வேண்டும். தடை ஏதேனும் நீங்கினால்தான் எடுக்க முடியும் என்பது நிபந்தனைக்குட்பட்ட வளம். இன்னும் துளையிட்டுப் பார்க்காதது வெறும் எதிர்பார்ப்பு வளம். ஐக்கிய நாடுகள் அவையின் வகைப்பாடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. புவியியல் அறிவு, திட்டத்தின் நிலை ஆகியவற்றோடு சுற்றுச்சூழல், சமூக, பொருளாதார ஏற்புடைமையை ஓர் அச்சாகவே அது வைத்திருக்கிறது. நம் நாட்டில் திடக் கனிமங்களின் இருப்புக் கணக்கு ஏற்கெனவே இந்த ஐ.நா. முறையை ஒட்டியே நடக்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருவோம். புவியியலாளர் அப்படிச் சொல்லும் நிலப்பரப்பு டெல்டாவோடு முடிவதில்லை; தெற்கே ராமநாதபுரம் வரை நீள்கிறது. வழுதூர் மின்நிலையம் ஓடுவது இந்தப் படுகையின் வாயுவால்தான். நரிமணத்தில் பல பத்தாண்டுகளாக எடுக்கப்படும் எண்ணெய் மரபுவழி எண்ணெய். மன்னார்குடிப் பகுதியில் 2010-இல் ஒப்பந்தமிட்ட திட்டம் நிலக்கரிப் படுகை மீத்தேன். அதை எடுக்க முதலில் நிலக்கரி அடுக்கிலுள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். 2013-இல் மத்திய அரசு வகுத்த ஷேல் கொள்கை, பாறையைப் பிளந்து எடுக்கும் வாயுவுக்கானது. 2017-இல் நெடுவாசலை உலுக்கிய திட்டமோ, முன்பே கண்டறியப்பட்டுக் கைவிடப்பட்ட சிறு வயல்களை ஏலம் விட்ட திட்டத்தின் ஒரு பகுதி. நான்கும் வேறு வேறு நுட்பம், வேறு வேறு அபாயம், வேறு வேறு அளவிலான கணக்கு. பொதுவெளியிலோ எல்லாம் 'ஹைட்ரோகார்பன்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டன. சொல் தெளிவாக இல்லாத இடத்தில் அச்சம் எளிதில் குடியேறும். அந்தத் தெளிவைத் தந்திருக்க வேண்டியது அரசு.

மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று அந்தப் பிரசாரத்தின் இடையிலேயே பட்டுக்கோட்டை அருகே மறைந்தார். நீரை இறைத்தால் கடல்நீர் உள்ளே வரும் என்பது விவசாயிகளின் முதன்மைக் கவலையாக இருந்தது. அதை அறியாமை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. நன்னீர், உப்புநீர் எல்லை நீரோட்டத்துக்கு ஏற்ப நகரும் என்பதை 1940-லேயே கணிதமாக எழுதிவைத்தவர் எண்ணெய் நிறுவனங்கள் போற்றும் ஹப்பர்ட்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. எவ்வளவு இறைத்தால் எவ்வளவு நகரும் என்பது அளந்து விடை காண வேண்டிய கேள்வி. அளந்து காட்ட வேண்டிய பொறுப்பு திட்டத்தைக் கொண்டுவருபவருடையது.

2020-இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றி, டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை விதித்தது. நிலக்கரி மீத்தேனும் ஷேலும் அதில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. ஏற்கெனவே நடப்பவை தொடர்கின்றன. பர்மாவில் ஒரு சட்டம் செய்ததையே இந்தச் சட்டமும் செய்தது: மண்ணுக்குள் இருப்பதை மாற்றாமல், ஏட்டில் அதன் இடத்தை மாற்றியது. அந்த மண்டலத்தின் ஷேல் வாயுவை இன்று எவரும் இருப்பு என்று சொல்ல முடியாது. வணிக அளவில் ஷேல் வாயு உற்பத்தி இந்தியாவில் எங்குமே இன்னும் தொடங்கவில்லை என்பதும் இங்கே கருதத்தக்கது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. நம் நாடு தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. உலகில் எங்கே போர் மூண்டாலும் காரைக்குடிச் சந்தையில் காய்கறி விலை ஏறுவது அதனால்தான். எதையும் தேடவே வேண்டாம், அளக்கவே வேண்டாம் என்ற நிலைப்பாடு பொருளியல் படித்தவனால் ஏற்கக்கூடியது அன்று. அளப்பது வேறு, எடுப்பது வேறு. தன்னிடம் என்ன இருக்கிறது என்று அறியாத சமுதாயம் அதை வேண்டாம் என்று சொல்வதற்கும் தகுதி பெறாது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. இனிப் படுகை குறித்து அரசோ நிறுவனமோ ஓர் எண்ணை வெளியிட்டால், அது பாறையில் கிடப்பதா, எடுக்கத்தக்கதா, நிரூபிக்கப்பட்டதா என்ற வகையைச் சேர்த்தே வெளியிட வேண்டும். எந்த ஆண்டின் மதிப்பீடு, எந்த விலையில், எத்தனை கிணறுகளின் சான்றில் என்பதும் உடனிருக்க வேண்டும். எடுக்க எவ்வளவு நீர் தேவை, வெளிவரும் நீர் எங்கே போகும் என்பது தனிப் பின்னிணைப்பாக அல்லாமல் அதே கணக்கின் செலவுப் பக்கத்தில் இடம்பெற வேண்டும். எண்ணெய்க்கும் ஐ.நா. வகைப்பாட்டைக் கொண்டுவந்து, சமூக ஏற்பு என்ற அச்சில் ஒவ்வொரு திட்டமும் எங்கே நிற்கிறது என்பதைத் தமிழில் ஊராட்சிகளுக்குத் தர வேண்டும்.

ஷெல் தலைமையகம் வேண்டாம் என்ற எண்ணை 1956-இல் ஹப்பர்ட் மேடையில் சொன்னபோது, தன் அனுமானங்களையும் சேர்த்தே வைத்தார். மொத்தம் இவ்வளவு என்றால் உச்சம் இப்போது, மொத்தம் கூடினால் அப்போது என்று இரண்டு கோடுகளை வரைந்தார். அதனால்தான் எழுபது ஆண்டு கழித்தும் அவர் எங்கே சரி, எங்கே தவறு என்று நம்மால் சரிபார்க்க முடிகிறது. காவிரிப் படுகைக்குச் சொல்லப்பட்ட எண்களில் எத்தனையை நம் பேரப்பிள்ளைகளால் அவ்வாறு சரிபார்க்க முடியும்?